மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் நாள் மகன் ஐயப்பனுக்கு மாலை அணிந்துவிட்டால் பெற்றோர்க்குப் பெரும் நிம்மதி. 41 நாள் அவன் மதுவைத் தொடமாட்டான். அதிகாலையில் நீராடிச் சரணம் சொல்வான். ஆனால் மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறான். "41 நாள் இருந்தவனால் 42-ஆம் நாள் ஏன் இருக்க முடியவில்லை?" என்று தாய் கலங்குகிறாள். நியாயமான கேள்வி.

மனவுறுதி இல்லாமை என்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. நெடுநாள் குடித்தவரின் மூளை மதுவுக்கே பழகிவிடுகிறது. மருத்துவம் இதனை நோய் என்றே வகுத்துள்ளது. விரத நாள்களில் குருசாமியின் சொல்லும், உடன் சரணம் சொல்லும் கூட்டமும், தவறாத நியமமும், 'சாமி' என்னும் மரியாதையும் அவனுக்குக் காவலாய் நின்றன. மாலையோடு அக்காவல் முழுவதும் ஒரே நாளில் நீங்குகிறது. ஏக்கம் மட்டும் எஞ்சுகிறது.

மற்றொன்றையும் அன்பர்கள் அறிதல் வேண்டும். அன்றாடம் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாள்களில் நடுக்கமும் பிதற்றலும் தோன்றலாம். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இதனைத் தெய்வக் குற்றம் என்றோ பேயின் வேலை என்றோ எண்ணிக் காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே, அத்தகையோர் மாலை அணியுமுன் மருத்துவரைக் காண்பதே முறை. விரதத்துக்கு மருந்து பகையன்று.

மலையிலிருந்து திரும்பியதும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். குடிக்கு அடியில் மனச்சோர்வு மறைந்திருப்பதும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். வழி தெரியாதோர் 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் இச்சேவை கட்டணமின்றி, இரவு பகலாகத் தமிழிலும் கிடைக்கிறது.

வங்கியின் நகைக்கடன் பிரிவில் இருந்தபோது, மகனின் குடிக்கடனை அடைக்க வளையலைக் கழற்றித் தந்த தாய்மார் பலரைக் கண்டதுண்டு. பாசத்தால் செய்வதுதான், எனினும் அக்கடனை நாம் ஓசையின்றி அடைக்க அடைக்க, குடியின் விளைவு அவனுக்குத் தெரியாமலே போகிறது. அந்தப் பணம் சிகிச்சைக்குச் செல்லட்டும்.

மாலை போனாலும் நியமம் நிற்கட்டும். மாலையில் அவன் கால்கள் கடைத்தெருவை நாடும் வேளையில், வீட்டில் விளக்கேற்றி அவனோடு அமருங்கள். இடையில் ஒருநாள் தவறிவிட்டாலும் சிகிச்சையை விடாதீர்கள். நேற்றுவரை 'சாமி' என்றழைத்த வாயால் இன்று அவனைக் 'குடிகாரன்' என்று அழையாதிருப்போம்.