நாற்காலி வந்தது, காசோலை வரவில்லை

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் எடுத்த ஒரு படம் நாடு முழுக்கச் சுற்றியது. கூட்டத்தில் மற்றவர்களெல்லாம் நாற்காலியில் இருக்க, தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு தலித் பெண் தலைவரைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, ஐந்து நாள் கழித்து ஆட்சியர் வந்த பிறகுதான் அவர் கொடியேற்றினார். இரண்டு ஊரிலும் வழக்கு பதிவானது, கைதும் நடந்தது. 2022இல், சாதிப் பாகுபாடின்றித் தலைவர்களே கொடியேற்ற வழி செய்ய வேண்டும் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலியும் கொடியும் படத்தில் விழும். காசோலை விழாது. அதனால்தான் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 188 என்ன சொல்கிறது? ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கான பங்கு 2016இல் மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்ந்தது. துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் பதவி தனித்தொகுதியான ஊரில், ஆதிக்க சாதியினர் துணைத் தலைவர் பதவியைக் குறிவைப்பது இதனால்தான்.

பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். காலனியில் மோட்டார் பழுதாகும். தலைவர் ஆள் வைத்துச் சரி செய்வார், பில் வரும், துணைத் தலைவர் ஊரில் இருக்க மாட்டார். டேங்க் ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலருக்கும் சம்பளம் நிற்கும். அவர்களும் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்தான்; திட்டு தலைவருக்கு விழும். சண்டை முற்றினால் காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மாற்றி உத்தரவு வரும். கையெழுத்துப் போட மறுத்தவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. அந்த அம்மா போட்டுக்கொண்டிருந்த கையெழுத்தும் போய்விடும். ‘நிர்வாகம் தெரியாதவர்’ என்ற பெயர் மட்டும் நிற்கும்.

பெண் தலைவர்கள் என்றாலே ‘வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்க்கிறார்’ என்று சிரிப்பது வழக்கம். பொதுவாக அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தலித் பெண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. அவர் வீட்டுக்காரரும் யாரோ ஒருவரின் வயலில் கூலிக்குப் போகிறவர். வேட்புமனுவுக்கு டெபாசிட் கட்டியவர், வேலை கொடுப்பவர், கடன் கொடுத்தவர் எல்லாம் சில ஊர்களில் ஒரே ஆள். முத்திரையும் தீர்மான நோட்டும் அவர் வீட்டில் இருக்கும். தலைவருக்கான மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். ஒன்றிய அலுவலகத்துக்கு நாலு நாள் அலைந்தால் நாலு நாள் கூலி போச்சு. மறுநாள் வேலைக்கு யாரை நம்பி இருக்கிறோமோ அவரையே எதிர்த்துக் கணக்குக் கேட்பது லேசான காரியமா?

இதற்குச் சட்டம் இருக்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ மிரட்டி, தடுத்து, பணி செய்ய விடாமல் ஆக்குவதைத் தனிக் குற்றமாக்கியது. பிரிவு 3(1)(எம்). ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பதை ‘நிர்வாகத் தகராறு’ என்று சொல்லிக் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட முடிகிறது. கொடியேற்ற விடாதது தடை என்றால், சம்பளம் கொடுக்க விடாதது மட்டும் என்னவாம்?

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு நம்பிக்கை தருவது, 2019 டிசம்பர் தேர்தலில் வென்று ஐந்தாண்டு தாக்குப்பிடித்த பெண்கள். முதல் வருடம் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள், கடைசி வருடம் ரொக்கப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிச் செயலரைக் கேட்டார்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது என்று தெரிந்துகொண்டார்கள். 1997இல் மேலவளவில் தலித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்ட நாட்களை நினைத்துப் பார்த்தால் இது சின்ன தூரமில்லை.

அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஐந்தாண்டில் கற்றதை அடுத்த தேர்தலில் பயன்படுத்த அவர்களுக்கு வாய்ப்பு வேண்டும். தனித்தொகுதி ஊராட்சிகளில் துணைத் தலைவர் பதவியையும் ஒதுக்க வேண்டும். அது முடியாதென்றால், குறித்த நாளுக்குள் துணைத் தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொரு வார்டு உறுப்பினர் போடலாம் என்று விதி செய்யட்டும். இதற்கு அரசுக்குக் காசு செலவில்லை. எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டு வந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பிரிவு 188ஐப் படியெடுத்து, தேர்தலில் நிற்க நினைக்கும் தெரு அக்காவுக்கு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.