கழிவுநீர் இயந்திரத்தை இயக்கப்போவது யார்?

பாதாளச் சாக்கடைகளைத் துப்புரவு செய்ய இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. 2018இல் திருவனந்தபுரத்தில் 'பேண்டிகூட்' ரோபோ களமிறங்கியது. 2019இல் டெல்லியில் 200 இயந்திரங்கள் பணிக்கு வந்தன. ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டமும் இயந்திரமயமாக்கலையே முன்வைக்கிறது. குழிக்குள் மனிதர் இறங்குவதை ஒழிக்கும் எந்த முயற்சியையும் நாம் வரவேற்கிறோம். ஆனால், இயந்திரத்தை இயக்கப் புதியவர்களை நியமிப்பதா, இதுவரை குழிக்குள் இறங்கியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதா என்ற கேள்வியை நிர்வாகங்களின் விருப்பத்திற்கு விட்டுவிட இயலாது.

புதிய நியமனத்திற்குச் சொல்லப்படும் வாதம் 'தகுதி'. தொழிலாளர்களுக்குப் படிப்பில்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை என்பார்கள். போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை ஒன்றிய அரசே 2019இல் நீக்கிவிட்டது. உரிமம் என்பது சில மாதப் பயிற்சியில் பெறக்கூடியது. எந்தக் குழியில் நச்சுவாயு தேங்கும், அடைப்பு எங்கே விழும் என்ற அறிவோ உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது. அதைத் 'திறனற்ற உழைப்பு' என்று வகைப்படுத்துவது சாதியின் பார்வை.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுதல் தடைச் சட்டம், மறுவாழ்வுப் பயிற்சியை உரிமையாக்கியது. பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை என்றது. இத்தொகையில் எந்தக் குடும்பமும் வாழ முடியாது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. உயிரோடிருக்கும் தொழிலாளிக்குச் செய்யும் செலவு ஏன் இத்தனை சொற்பம்?

ஒப்பந்தமுறை இந்நிலையை மேலும் மோசமாக்குகிறது. பயிற்சியின் பலன் பல ஆண்டுகளுக்குப் பிறகே கிட்டும். ஒப்பந்ததாரருக்கோ ஒப்பந்தக்காலம் முடிந்தால் பொறுப்பு முடிந்தது. பயிற்சி கொடுப்பதைவிட ஆளை மாற்றுவதே அவருக்கு இலாபம். தனியார் நியமனங்களை இடஒதுக்கீடும் கட்டுப்படுத்தாது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பணி நிரந்தரம் கேட்டதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். நிரந்தரப் பணியில்தான் பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் பொருளுண்டு.

இதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இயந்திரப் பயிற்சி மட்டுமே மறுவாழ்வு என்றானால், துடைப்பத்திற்குப் பதில் இயந்திரத்தைக் கொடுத்து அதே சமூகத்தை அதே சாக்கடையோடு பிணைத்துவிடுவோம். சாதிக்குத் தொழில் என்ற ஏற்பாட்டைத்தான் அண்ணல் அம்பேத்கர் எதிர்த்தார். ஆகவே இயந்திரத்தின் மீதான முதலுரிமை தொழிலாளிக்கு வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பமாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர், அலுவலகப் பணிகளுக்கான வழியும் திறக்கப்பட வேண்டும்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை: வேலை நேரத்திலேயே, முழு ஊதியத்துடன் பயிற்சி, உரிமச் செலவை நிர்வாகம் ஏற்றல், பயிற்சி முடித்தவருக்கு இயக்குநர் பதவியும் அதற்குரிய ஊதியமும், அதன் பிறகும் எஞ்சும் இடங்களுக்கே புதிய நியமனம், அதுவும் இடஒதுக்கீட்டின்படி.

மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் இதில் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் நகராட்சியில் எத்தனை இயந்திரங்கள் உள்ளன, அவற்றை இயக்குவோரில் முன்னாள் துப்புரவுத் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களின் ஊதியம் எவ்வளவு உயர்ந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கிடைக்கும் பதில்களைத் தொழிற்சங்கங்களிடம் சேர்ப்பியுங்கள்.