எந்த முடிவை அனுப்புவது?



கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமீது இருக்கிறது. அவருடைய கணவர் துபாயில் பணிபுரிகிறார். வரும் கல்வியாண்டில் குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு. பத்து வயது மகனுக்கு இடம் கேட்ட பள்ளியில், இணையவழி ஆங்கிலத் தரத் தேர்வொன்றை வீட்டிலிருந்தே எழுதி முடிவை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை தனியே எழுதியபோது, 'ஏ1க்கு முந்தைய நிலை' என்று வந்தது. தொலைபேசியில் இதைக் கேட்ட வாப்பா, "இத்தனை ஆண்டு கட்டிய பணமெல்லாம் எங்கே போயிற்று?" என்று கடிந்துகொண்டார். மறுநாள், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ராத்தா பக்கத்தில் அமர்ந்து விடைகளைத் தொட்டுக் காட்ட, 'ஏ2' வந்துவிட்டது. "இரண்டாவதை அனுப்பச் சொல்கிறார் அவர். பிள்ளையோ இரண்டு நாட்களாக யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார் சகோதரி.

முதலில் இந்த எழுத்துகளின் பொருளைப் பார்ப்போம். ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழித்தர அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் உள்ளன. தன்னைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும், எதிரிலிருப்பவர் மெதுவாகப் பேசினால் எளிய வாக்கியங்களில் கேட்டும் சொல்லியும் கொள்ள முடிந்தால் அது ஏ1. அன்றாடக் காரியங்களைக் குறித்து எளிமையாக உரையாட முடிந்தால் ஏ2. ஏ1ஐ எட்டுவதற்கு முன்னும் ஒரு நிலை உண்டு. அறிந்த சொற்களையும் மனப்பாடமான சிறு தொடர்களையும் கொண்டு சமாளிக்கும் நிலை அது. சகோதரியின் மகன் அங்கே நிற்கிறான் என்கிறது தேர்வு. அவன் அறிவில்லாதவன் என்று அது எங்கும் சொல்லவில்லை. சிறுவர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் நடத்தும் ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃபிளையர்ஸ் தேர்வுகளில் தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிலிருந்து ஐந்து கேடயங்கள் வரை கொடுத்து அனுப்புகிறார்கள்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. மக்தபில் புதிதாகச் சேரும் பிள்ளையை உஸ்தாத் முதல் நாளில் என்ன செய்கிறார்? அருகில் அமர்த்தி, "ஓது பார்க்கலாம்" என்கிறார். அலிஃப், பே தடுமாறினால் அங்கிருந்து தொடக்கம். எழுத்துக்கூட்டி ஓத வந்தால் அம்ம ஜுஸ்உ. "என் பிள்ளை குர்ஆனையே முடித்துவிட்டான்" என்று உம்மா வாசலில் நின்று சொன்னாலும் அவர் காது கொடுப்பதில்லை. பிள்ளையின் வாயிலிருந்து வருவதை மட்டுமே கேட்கிறார். உம்மா சொன்னதை நம்பி நடுவில் தொடங்கினால், மக்ரஜ் சரியாகாமலே பிள்ளை வளர்ந்துவிடும் என்பதை அவர் அறிவார்.

இணையத் தரத் தேர்வும் இப்படித்தான் கேட்கிறது. இவற்றுள் பல, பிள்ளையின் விடையைப் பார்த்தே அடுத்த வினாவைத் தெரிந்தெடுப்பவை. விடை சரியானால் சற்றுக் கடினமான வினா வரும். தவறினால் எளியது வரும். ஆகவே ராத்தா விரல் நீட்டிய ஒவ்வொரு முறையும், தேர்வு தம்பியை விட்டுவிட்டு ராத்தாவை அளந்துகொண்டிருந்தது. அந்த ஏ2 அவளுடையது. அதையும் அவள் முழுமையாகப் பெறவில்லை!

அதை அனுப்பினால் என்ன நடக்கும்? இத்தகைய தேர்வைப் பள்ளிகள் பெரும்பாலும், எந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தனித்துணை தேவை என்று அறியவே வைக்கின்றன. துணை தேவைப்படும் பிள்ளை, தேவையில்லை என்ற சீட்டோடு போய் அமர்வான். ஆசிரியை பேசுவது புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. ஏனெனில் புரியும் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெறுங்கையை நீட்டிக் குழந்தையை "வா, தருகிறேன்" என்று அழைப்பதையும் பொய்யென்று எச்சரித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இங்கே குழந்தையையும் அல்லவா பொய்யில் பங்காளியாக்குகிறோம்? இரண்டு நாட்களாக அவன் பேசாமலிருப்பது மதிப்பெண் குறைந்ததனால்தான் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் சகோதரி, முதல் முடிவும் முழுமையானது என்று எண்ணிவிடாதீர்கள். திரையில் விடையைத் தொடவும் இழுத்து வைக்கவும் பழக்கமில்லாத பிள்ளை, விடை தெரிந்தும் தவறவிடும். வெள்ளைக்காரரின் உச்சரிப்பை முதன்முறை கேட்கும் காது தடுமாறும். பனிமனிதன் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், கீழக்கரைக் கடற்கரையில் வளர்ந்த பிள்ளை என்ன சொல்லும்? வீட்டிலெழுதும் தேர்வுகள் பலவற்றில் பேச்சுத்திறனுக்கு இடமே இல்லை. நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். அரபுத் தமிழில் நூல்களைச் சரளமாக ஓதியவர்களை, தமிழெழுத்து அறியாத ஒரே காரணத்தால் எழுத்தறிவற்றவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். கேட்கப்பட்டதை மட்டுமே தேர்வு அளக்கும்.

எனவே இரண்டாவது முடிவைக் கிழித்துப் போடுங்கள். இடையில் எழுதிப் பார்த்ததைப் பள்ளிக்கு ஒளிக்காமல் தெரிவித்து, இன்னொரு முறை எழுதலாமா என்று கேளுங்கள். இசைந்தால், மாதிரி வினாக்களை வைத்து இரண்டொரு நாள் திரையோடு பழகவிடுங்கள். பாடம் புகட்ட வேண்டாம். பசியும் தூக்கமும் இல்லாத காலை வேளையில், காதில் கேட்பொறி மாட்டி அமர்த்துங்கள். வினா எந்த மொழியிலிருந்தாலும், எப்படி விடையளிப்பது என்பதைத் தமிழில் விளக்கிவிடலாம், அதில் தவறில்லை. அதன்பின் ராத்தா அடுத்த அறைக்குப் போய்விடட்டும். நீங்களும் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடாதீர்கள். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு குறிப்புத்தான். மீண்டும் எழுத இசையாவிட்டால் முதல் முடிவே போகட்டும். இயலுமானால் நேரிலோ தொலைபேசியிலோ ஒருமுறை பேசிப் பார்க்கும்படி ஆசிரியையிடம் கேளுங்கள்.

துபாயிலிருக்கும் சகோதரருக்கு ஒரு வார்த்தை. கட்டிய பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி நியாயமானதே. அதைக் கேட்க வேண்டிய இடம் வாங்கிய பள்ளி. இன்றிரவு மகனை அழைத்து, தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அங்கே அவனுக்காகப் பார்த்து வைத்திருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் பேசத் தொடங்கட்டும்.