கைத்தட்டலின் மறுபக்கம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விளையாட்டு மனிதனை மனிதனோடு சேர்ப்பது. எங்கள் நெய்வேலி நகரியத்துப் பாரதி விளையாட்டரங்கில் மாலையில் பந்து உருளும்போது சாதியும் பதவியும் யார் நினைவுக்கும் வருவதில்லை. இத்தகைய விளையாட்டைச் சர்வாதிகாரிகள் ஏன் அத்தனை விரும்பினார்கள்? மேடைப் பேச்சைக் கேட்பவன் ஐயுறுவான். மைதானத்தில் கைதட்டுபவன் ஐயுறுவதில்லை. ஆட்டக்காரனுக்கு விழுந்த கைத்தட்டலை ஆட்சியாளன் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறான். இதுவே அவர்களுடைய சூத்திரம்!

1936இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தது. விருந்தினர் கண்ணில் படாதவாறு, யூதர்களை இழிவுசெய்யும் பலகைகளை இட்லரின் அரசு தெருக்களிலிருந்து அகற்றியது. நகரில் வாழ்ந்த ரோமா இன மக்களைப் பிடித்து மார்சான் முகாமில் அடைத்தது. தியான்சந்த் தலைமையில் நம் வீரர்கள் ஆக்கியில் ஜெர்மனியை 8-1 என வென்றதும் அங்கேதான். விழாவுக்கு வந்தவர்களில் பலர் அந்நாட்டை அமைதி நாடென்று நம்பித் திரும்பினர். மூன்றே ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது.

1978இல் அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தியது. இறுதி ஆட்டம் நடந்த அரங்கிற்குச் சற்றுத் தொலைவில் கடற்படைப் பள்ளியொன்று சித்திரவதைக் கூடமாக இருந்தது. அரங்கில் எழுந்த ஆரவாரம் அங்கே சிறைப்பட்டவர்களின் காதிலும் விழுந்தது.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். மக்களாட்சி நடக்கும் நம் நாட்டிலும் 1982இல் டில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. அப்பு யானையையும் வண்ணத் தொலைக்காட்சியையும் நாடே வியந்தது. அதன் கட்டுமானப் பணியில் உழைத்தவர்களுக்குரிய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதிலும் ஒரு ரூபாயை இடைத்தரகர்கள் பிடித்துக்கொண்டனர். ஒப்பந்தத் தொழிலாளியின் மகனாகிய எனக்கு அந்த ஒரு ரூபாயின் கனம் தெரியும்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. மக்கள் உரிமை அமைப்பொன்று நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. விழா தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெர்லினில் அப்படியொரு கடிதம் எழுதியிருந்தால், எழுதியவர் முகாமுக்குத்தான் போயிருப்பார்!

தோழர்களே! வெற்றி பெற்ற வீரனுக்கு மனமாரக் கைதட்டுவோம். அதே மூச்சில், அரங்கம் கட்டியவனுக்குக் கூலி கிடைத்ததா, திரைக்குப் பின்னால் யார் மறைக்கப்பட்டார்கள் என்றும் கேட்போம். கேட்கும் உரிமை, கேட்காதவர்களிடம் நெடுநாள் தங்குவதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தறியாத கைகள் கட்டிய அரங்கங்களைப் பற்றி, எழுத்தறிந்த நாமன்றோ கடிதம் எழுத வேண்டும்?