உம்மாவுக்கு ஜன்னல் இல்லாத அறையா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் ஒரு புதிய வழக்கம் பரவி வருகிறது. பள்ளி விடுமுறை வந்ததும் வாப்பா, உம்மா, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுசேர்ந்து, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ செல்லும் உல்லாசக் கப்பலில் இரண்டு மூன்று இரவுகள் பயணம் செய்கிறார்கள். 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் இத்தகைய பயணங்கள் நடந்துள்ளன. புறப்படுவதற்கு முன் ஆலிம்களிடம் சில கேள்விகள் வருகின்றன. திரும்பிக்கொண்டே இருக்கும் கப்பலில் கிப்லாவை எப்படி அறிவது? கஸ்ர் செய்யலாமா? ஜம்உ செய்யலாமா? சமையலறை ஹலாலானதா? எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால், "வயது முதிர்ந்த என் பெற்றோருக்கு எந்த அறையை எடுப்பது?" என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அது பயண முகவரோடு பேசி முடிக்கும் பணக் கணக்கு, அதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பிழையானது. அறையைப் பங்கிடுவது பணக் கணக்கு ஆகும் முன்பே அமானிதமும் கடமையும் ஆகிவிடுகிறது.

முதலில் அறைகளின் நிலையை அறிந்துகொள்வோம். பெரும்பாலான கப்பல்களில் அறைகள் நான்கு வகைப்படும். கப்பலின் உட்புறத்தில் ஜன்னலே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலுடன் கூடிய கடல் பார்த்த அறை. பால்கனி உள்ள அறை. இவற்றுக்கெல்லாம் மேலாக, கூடத்துடன் கூடிய பெரிய சூட் அறை. இவற்றுள் உள்ளறையே மலிவானது. ஓர் அறையில் தங்கும் மூன்றாம், நான்காம் நபருக்குக் கட்டணம் குறைவாக இருப்பதும் வழக்கம். அவர்களுக்கான படுக்கை பெரும்பாலும் விரித்து மடக்கும் சோபாவாகவோ, மேலிருந்து இறக்கி ஏணி வைத்து ஏறும் கட்டிலாகவோ இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்து நம் குடும்பங்கள் அறைகளைப் பங்கிடும் விதத்தைப் பாருங்கள். செலவு செய்யும் மகனும் மருமகளும் பால்கனி அறையில் தங்குவார்கள். மகளும் மருமகனும் இன்னொரு பால்கனி அறையில். மூட்டு வலியும் இரத்த அழுத்தமும் உள்ள வாப்பாவும் உம்மாவும் உள்ளறையில். அத்துடன் முடிவதில்லை. கட்டணம் குறைகிறது என்பதற்காக அதே அறையின் மேற்கட்டிலிலும் சோபாவிலும் பேரப்பிள்ளைகள் இருவர். இளையவர்கள் அலைகளைப் பார்த்தபடி இளைப்பாற, எழுபது வயது உம்மா பகலும் இரவும் தெரியாத அறையில் பிள்ளைகளுக்குக் காவல் இருக்கிறார். இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர், "பெற்றோரைக் கப்பலுக்கு அழைத்துச் சென்றோம்" என்பது.

இக்குடும்பங்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டுச் செல்பவர்களைவிட இவர்கள் மேலானவர்களே. ஆனால் அழைத்துச் செல்வது வேறு, கண்ணியப்படுத்துவது வேறு. அல்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23, 24 வசனங்களில், ஏக இறைவனை வணங்கும் கட்டளையை அடுத்தே பெற்றோருக்கு நன்மை செய்யும் கட்டளை வைக்கப்பட்டிருக்கிறது. அதிலும் அவர்கள் முதுமையை அடையும் காலமே குறிப்பாகச் சுட்டப்படுகிறது. சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்கூட அங்கே தடுக்கப்பட்டுவிட்டது. சொல்லே தடுக்கப்பட்டிருக்க, "உங்களுக்கு இது போதும்" என்று செயலால் சொல்வது எப்படி ஆகுமானதாகும்?

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர்களுள் ஒருவர், முதிய பெற்றோருக்கு முன் தம் பிள்ளைகளுக்குப் பால் புகட்டாதவர். ஒருநாள் அவர் தாமதமாகத் திரும்பியபோது பெற்றோர் உறங்கிவிட்டார்கள். பிள்ளைகள் காலடியில் பசியால் அழ, பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி வைகறை வரை நின்றார். அந்த நற்செயலைக் கொண்டு அவர் பிரார்த்தித்தபோது பாறை சற்று விலகியது. அவர் பிள்ளைகளை வெறுத்தவர் அல்லர். யாருக்கு முதலில் என்ற வரிசையை அறிந்தவர். நாமோ பால்கனியில் விளையாடப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்பதற்காகவே அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறோம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அறையில் தூங்கத்தானே போகிறார்கள், பகலெல்லாம் வெளியில்தானே இருப்பார்கள்?" இது இளைஞனின் கணக்கு. பகல் முழுவதும் கப்பலைச் சுற்றுபவன் மகன். நீச்சல் குளமும் சறுக்கு விளையாட்டும் அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் உரியவை. முதியவர் உணவுக்குப் பின் சற்றுச் சாய்வார், மருந்து உண்பார், தொழுவார், ஓதுவார். அறையில் மிகுதியான நேரம் இருக்கப் போகிறவர் அவரே. அறையை அதிகம் பயன்படுத்துபவருக்குக் குறைந்த அறை, குறைவாகப் பயன்படுத்துபவருக்கு உயர்ந்த அறை என்பது எந்த நியாயம்?

"அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்." இதுவே அதிகம் கேட்கப்படும் மறுப்பு, வலுவற்ற மறுப்பும் இதுவே. நம் உம்மாமார்கள் எதற்குத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்? மீனின் நடுத்துண்டை நமக்கு வைத்துவிட்டுத் தலையே தமக்குப் பிடிக்கும் என்றவர்கள் அவர்கள். வாழ்நாள் முழுதும் விட்டுக்கொடுத்தவர் இன்னொரு முறை விட்டுக்கொடுப்பதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாமா? "எந்த அறை வேண்டும்?" என்று கேட்டால் விலை குறைந்ததையே சொல்வார்கள். "இரவில் எத்தனை முறை எழுவீர்கள்? எவ்வளவு தூரம் நடக்க முடியும்? தலைசுற்றல் உண்டா?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான விடை கிடைக்கும்.

"எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை." இந்த மறுப்பை மதிக்கிறேன். மார்க்கம் எவரையும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை. பால்கனி அறை எடுப்பது கடமை என்று நான் கூறவில்லை. கடன் வாங்கி எடுப்பதைக் கண்டிக்கவும் செய்கிறேன். எல்லாரும் உள்ளறையில் தங்கினால் அதில் குறையேதுமில்லை. கேள்வி எழுவது ஒரே ஓர் அறைக்குத்தான் கூடுதல் பணம் உண்டு என்ற நிலையில். அந்த ஓர் அறை யாருக்கு? இரண்டு பால்கனி அறைகளும் ஓர் உள்ளறையும் எடுக்க முடிந்தவரால், பெற்றோருக்கு ஒரு பால்கனி அறையும் தமக்கு உள்ளறையும் எடுக்க முடியாதா? வசதிக் குறைவு என்பது அறையின் தரத்துக்குக் காரணமாகலாம். வரிசையை மாற்றுவதற்குக் காரணமாகாது.

"பேரப்பிள்ளைகளோடு இருப்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி." மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. பகலில் மடியில் அமர்த்திக் கதை சொல்வது மகிழ்ச்சி. நள்ளிரவில் மேற்கட்டிலிலிருந்து பிள்ளை விழுந்துவிடுமோ என்று விழித்திருப்பது பணி. மேலும் இதில் மார்க்கச் சட்டமும் உண்டு. பத்து வயதை எட்டிய பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அல்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 58ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்று கற்பிக்கிறது. முதிய தம்பதியருக்கும் அந்தரங்கம் உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இதே இடத்தில் இன்னொன்றையும் கூற வேண்டும். இரண்டு அறைகளுக்கு இடையே உட்கதவு உள்ள இணைப்பறைகள் கப்பல்களில் உண்டு. பெற்றோரின் அறைக்கும் பிள்ளைகளுள் ஒருவரின் அறைக்கும் இடையே அந்தக் கதவு இருப்பது பெரும் உதவி. அண்ணன் அறைக்கும் தம்பி அறைக்கும் இடையே அதே கதவு திறந்து கிடந்தால், மதினியும் கொழுந்தனும் ஹிஜாபின் வரம்பின்றி நடமாட நேரிடும். கணவனின் நெருங்கிய உறவினர் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் செய்த கடுமையான எச்சரிக்கையை ஆலிம்கள் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறார்கள். கடலில் சென்றாலும் அந்தச் சட்டம் மாறுவதில்லை.

இனித் தொழுகையைக் கவனிப்போம். கப்பலின் மேல்தளங்களும் முன்முனையும் அலையில் அதிகம் ஆடும். நடுப்பகுதியின் கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. கப்பலில் நின்றால் தலைசுற்றும் என்று அஞ்சுபவர் ஃபர்ளுத் தொழுகையை உட்கார்ந்து தொழலாம் என்பது ஷாஃபிஈ சட்ட நூல்களில் காணப்படும் சலுகை. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: ஆட்டம் குறைந்த அறையில் நின்று தொழக்கூடிய வாப்பாவை, மலிவாகக் கிடைத்தது என்பதற்காக முன்முனை அறையில் வைத்து, அவருடைய நிலையை நாமே பறித்துவிடலாமா? எனவே விலை உயர்ந்த அறைதான் சிறந்தது என்று முடிவு செய்யவும் வேண்டாம். மேல்தளத்துப் பால்கனியைவிட, நடுப்பகுதிக் கீழ்த்தளத்தில் ஜன்னலோடு கூடிய அறை சில முதியவர்களுக்கு ஏற்றது. பெற்றோருக்குப் பொருத்தமானதே சிறந்த அறை.

மற்றொரு செய்தி உயிரைப் பற்றியது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது; 32 பேர் உயிரிழந்தனர். ஆபத்துக் காலத்தில் ஒவ்வொரு பயணியும் தமக்குக் குறிக்கப்பட்ட இடத்தில் கூட வேண்டும். லிஃப்டை நம்ப முடியாது. படிகளில்தான் செல்ல வேண்டும். உங்கள் பெற்றோர் நான்கு தளங்களுக்குக் கீழே, கப்பலின் மறுகோடியில், இரு குழந்தைகளோடு இருந்தால் அவர்களிடம் யார் ஓடுவது? "எந்த அறை கிடைத்தாலும் சரி" என்று ஒப்புக்கொண்டால் கட்டணத்தில் தள்ளுபடி தருவார்கள். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும். குடும்பம் வெவ்வேறு தளங்களில் சிதறலாம். முதியோரை அழைத்துச் செல்பவர் இந்தத் தள்ளுபடியை நாடவே கூடாது.

சக்கர நாற்காலி தேவைப்படுவோருக்கு அகன்ற கதவும், குளியலறையில் தடுப்புப் படி இல்லாத தரையும், கைப்பிடிகளும் கொண்ட தனி அறைகள் உண்டு. அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு; முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும். சாதாரண அறையை எடுத்துவிட்டு, "சமாளித்துக்கொள்ளலாம்" என்பது உளூச் செய்யப் போகும் உம்மாவை வழுக்கும் படியில் நிறுத்துவதாகும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, "மதுவும் சூதாட்டமும் உள்ள கப்பலுக்குப் போவதே தவறு; அறையைப் பற்றி என்ன பேச்சு?" என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். அவர்களின் பேணுதலை மதிக்கிறேன். போகாதவருக்கு இந்தக் கட்டுரையால் இழப்பில்லை. ஆனால் போவதென்று முடிவு செய்துவிட்டவர், பெற்றோரின் உரிமையிலிருந்து விடுபட்டவர் ஆகிவிடமாட்டார். அவர் தளங்களின் வரைபடத்தைப் பார்த்து, சூதாட்டக் கூடத்துக்கும் இரவு இசை அரங்குக்கும் அருகிலோ நேர் கீழோ மேலோ அறை அமையாமல் தவிர்ப்பதும் அந்த உரிமையில் சேரும்.

இன்றைய முதியவர்களுள் பலர் கடலை அறியாதவர்கள் அல்லர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலாயாக் கரைக்குச் சென்ற ரஜூலா, 1985இல் தீ விபத்தோடு ஓட்டம் நின்ற எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்களை நம் ஊர்களில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அறைக்கு வழியற்றவர்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றார்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் 1995 வரை ஓடியது. அந்தத் தலைமுறை கடல் கடந்து உழைத்து அனுப்பிய பணத்தில்தான் நம்முள் பலர் படித்தோம். அந்தப் படிப்பால் வந்த சம்பளத்தில்தான் இன்று கப்பலில் அறை எடுக்கிறோம். அவர்களுக்கு இன்று ஒரு ஜன்னலை மறுப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, பலவீனமானவர்களை முன்னே நடத்தி, தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. படையின் தலைவரே பலவீனரின் நடைக்குத் தம் நடையைக் குறைத்திருக்க, நாம் நம் வசதிக்குப் பெற்றோரை இழுத்துச் செல்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். குடும்பத்தின் பெயரில் எடுக்கப்படும் அறைகளுள் முதலில் பெற்றோரின் அறையை முடிவு செய்யுங்கள். லிஃப்டுக்கு அருகில், நடுப்பகுதியில், வெளிச்சம் வரும் அறையாக, பட்ஜெட் இடம் தரும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். அடுத்த கதவு ஒரு மகனுடையதாகவோ மகளுடையதாகவோ இருக்கட்டும். எஞ்சிய அறைகளை எஞ்சிய பணத்தில் எடுங்கள். உள்ளறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு முஸல்லா விரிப்பதே பாடு. பெற்றோரின் பெரிய அறையிலோ, ஒரு சிலர் பின்னே நின்று மஃரிபையும் இஷாவையும் ஜமாஅத்தாகத் தொழலாம். தொழுகை முடிந்ததும் பேரப்பிள்ளைகள் அங்கேயே அமர்ந்து பேசலாம். பிறகு தத்தம் பெற்றோரின் அறைக்கே உறங்கச் செல்லட்டும். அப்படிச் செய்தால் முதியவரின் அறை பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடமாக இராது. குடும்பம் முழுவதும் தேடி வரும் இடமாகும்.

முதிய பெற்றோரை அடைந்தும் அவர்களைக் கொண்டு சொர்க்கம் புகாதவன் இழிவடைவானாக என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய எச்சரிக்கை முஸ்லிமில் உள்ளது. அந்த வாய்ப்பு என்றும் நீடிக்காது. அடுத்த விடுமுறைக்கு அறை எடுக்கும்போது அந்த இருக்கை நம் குடும்பத்தில் காலியாகிவிட்டிருக்கலாம்.

பெற்றோரின் பொருத்தத்தைப் பெற்ற மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.