கிளாரினெட்டுக்குப் பியானோ பக்கவாத்தியமா?

மேலைத்தேய அறையிசை நிகழ்ச்சிகளுக்குச் செல்லும் நம்மவர் பலரிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். மேடையில் கிளாரினெட்டும் பியானோவும் இருந்தால், நிற்பவரைப் பிரதான கலைஞராகவும் அமர்ந்திருப்பவரைப் பக்கவாத்தியக்காரராகவும் அவர்கள் உடனே தீர்மானித்துவிடுகிறார்கள். இதில் வியப்பில்லை. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைத் தவிலோடு கேட்டுப் பழகிய காதுகள் அவை. ஆயினும் இந்தக் கணக்கோடு உட்கார்ந்தால் நிகழ்ச்சியின் பாதி நம்மைக் கடந்து போய்விடும் என்பதே என் கருத்து.

ஜேர்மன் இசைமேதை யோஹன்னஸ் பிராம்ஸ் எழுதிய இரு கிளாரினெட் சோனாட்டாக்களை எடுத்துக்கொள்வோம். 1890 இல், 57 வயதில், இனி எழுதுவதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். 1891 இல் மைனிங்கன் நகரில் றிச்சார்ட் மியூல்ஃபெல்டின் கிளாரினெட்டைக் கேட்டதும் அந்த முடிவு தளர்ந்தது. மியூல்ஃபெல்ட் அந்நகர இசைக்குழுவில் வயலின் கலைஞராகச் சேர்ந்தவர். கிளாரினெட்டைப் பெரும்பாலும் தாமாகவே பயின்றவர். அவருக்காக அவ்வாண்டிலேயே இரு படைப்புகளும், 1894 இல் இந்த இரு சோனாட்டாக்களும் பிறந்தன. 1895 ஜனவரியில் வியன்னாவில் இவை பொது அரங்கேற்றம் கண்டபோது பியானோவின் முன் அமர்ந்தவர் பிராம்ஸ்தான். இன்னொருவருக்குத் துணைபோவதற்காக மட்டும் அவர் தமக்கு ஒரு பங்கை எழுதிக்கொண்டார் என்று நம்புவது கடினம்.

முதலாவது சோனாட்டாவைக் கேட்டால் ஐயம் தீரும். தொடக்கத்தில் கிளாரினெட் மௌனம். பியானோ தனித்து, இரு கைகளாலும் ஒரே சுரங்களை வெவ்வேறு ஸ்தாயிகளில் இசைத்து, ஒரு சிறு வாக்கியத்தை முன்வைக்கிறது. அதன்பின்னரே கிளாரினெட் நுழைகிறது. அந்த முதல் வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் உருமாறித் தலைகாட்டும்போது அடையாளம் தெரியும். மூன்றாம் பகுதியில் கிளாரினெட் தொடங்கிய மெட்டைச் சற்று நேரத்தில் பியானோ வாங்கிக்கொள்கிறது. மெட்டு ஒன்றேயாயினும் கேட்பது ஒன்றல்ல. பியானோவில் தட்டிய சுரம் அக்கணமே தேயத் தொடங்கிவிடும். எந்தக் கலைஞராலும் அதை வளர்க்க இயலாது. கிளாரினெட்டோ கேட்கும் கேளாததுமான நிலையிலிருந்து ஒரு சுரத்தை எழுப்பிப் பெருக்கி மீண்டும் கரைத்துவிடும். தேய்வதும் வளர்வதுமான இவ்விரு இயல்புகளும் ஒன்றையொன்று எவ்வாறு சமாளிக்கின்றன என்பதைக் கேட்பதே இவ்விசையின் சுவை.

சுருதி விடயமும் அப்படியே. பியானோ தன் இடத்தைவிட்டு நகராது. கிளாரினெட்தான் அதனிடம் செல்லவேண்டும். மெதுவாக ஊதினால் கிளாரினெட்டின் சுருதி சற்று ஏறும்; பலமாக ஊதினால் இறங்கும்; குளிரிலும் இறங்கும். குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் இது கலைஞருக்குப் பெரும் சோதனை. உதடுகளின் பிடியை ஒவ்வொரு கணமும் மாற்றி அவர் அதைச் சரிசெய்வதை, மெதுவான இரண்டாம் பகுதியில் உற்றுக் கேட்பவர்கள் உணரலாம்.

ஆகவேதான் இத்தகைய நிகழ்ச்சிகளில் ஒலிவாங்கிகளை வைக்கும் அமைப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பியானோவின் மூடியை முழுதாகத் திறப்பதா, பாதியாகத் திறப்பதா என்பதுகூடக் கலைஞர்கள் தம்முள் பேசி முடிவெடுக்கும் விடயம். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி பியானோவின் முழக்கத்தில் அமிழ்ந்துவிடக் கூடாதல்லவா? அந்தச் சமநிலையை ஒலிபெருக்கிப் பெட்டியருகில் குமிழைத் திருகுபவரிடம் ஒப்படைத்துவிட்டால், மேடையில் இருவர் எதற்கு? கடைசி வரிசைக்குக் கேட்காதே என்பார்கள். சிறிய மண்டபத்தை எடுங்கள் என்பதே என் பதில். அறையிசை என்ற பெயரிலேயே அந்த விடை இருக்கிறது. இறுவட்டில் கேட்டால் போதாதா என்போரும் உண்டு. இறுவட்டில் அந்தச் சமநிலை ஏற்கனவே முடிந்துபோன காரியம். மண்டபத்தில் அது நம் முன்னால் நிகழ்கிறது, சில வேளை பிசகவும் செய்கிறது.

பத்திரிகைகளும் இதில் உதவவில்லை. மங்கள விளக்கேற்றியவர் யார், முன்வரிசையில் இருந்தவர்கள் யார் என்பன அச்சேறுகின்றன; என்ன கேட்டது என்பது அச்சேறுவதில்லை. இத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை நான் சொல்லலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டாதீர்கள். மதிப்புக்காகச் சொல்லவில்லை. முதலாம் சோனாட்டாவின் நான்காம் பகுதி, மணியடிப்பதுபோல ஒரே சுரத்தைப் பியானோ மூன்று முறை ஒலிப்பதோடு தொடங்குகிறது. முன்னைய பகுதியின் நடனச் சாயல் காதைவிட்டு அகலுமுன், மௌனத்தில் விழவேண்டிய ஒலி அது. கைதட்டி ஓய்ந்து, இருக்கைகளில் சரிந்து, இருமி முடித்த மண்டபத்தில் அந்த மூன்று சுரங்களும் வெறும் மூன்று சுரங்களாகவே கேட்கும்.