பார்லி பாக்கெட்டும் பச்சை இலையும்

போன ஞாயித்துக்கிழமை திருமுடிவாக்கத்துல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலுக்கு இதமா சித்தி ஒரு டம்ளர் பார்லி தண்ணி குடுத்தாங்க. கூடவே சித்தப்பாவோட சொற்பொழிவு இலவசம். "நெல்லு தண்ணியா குடிக்குதுடா. பார்லிக்கு ரெண்டு தண்ணி விட்டா போதும். நம்மாளுங்க அதுக்கு மாறினா நாடு பொழைச்சுக்கும்." ஆதாரத்துக்கு பாக்கெட்டையும் நீட்டினார். மேல ஒரு பச்சை இலை, 'பூமிக்கு உகந்தது'ன்னு எழுத்து.

எனக்கு அந்த பச்சை இலை மேலதான் கடுப்பு.

நியாயமா பேசிடறேன். பார்லி (சுத்தத் தமிழ்ல வாற்கோதுமை) நிஜமாவே கெட்டிக்காரப் பயிர்தான். கோதுமைக்கு நாலஞ்சு தண்ணி விடற இடத்துல இது ரெண்டு மூணுல ஒப்பேத்திடும். உப்புத் தரையைக்கூட ஓரளவு தாங்கும். ஆனா அது குளிர்காலப் பயிர் சாமி! வடக்கே நவம்பர்ல விதைச்சு மார்ச், ஏப்ரல்ல அறுக்கறாங்க. நாம மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்கற ஆளுங்க :-)

அப்ப டம்ளர்ல இருக்கறது எங்கேர்ந்து வந்துச்சு? இந்தியாவுல பார்லி அதிகம் விளையறது ராஜஸ்தான்ல. அங்க வருஷா வருஷம் நிலத்துல ஊறுறதைவிட உறிஞ்சறது அதிகம். ரெண்டே தண்ணின்னாலும் அதுவும் பெரும்பாலும் கிணத்துத் தண்ணி, போர் தண்ணிதானே? அதுல ஒரு பங்கு மால்ட்டாகி பீர் பாட்டிலுக்குப் போகுது. இதையெல்லாம் அந்த இலை சொல்லுமா?

தமிழ்நாட்டுலயும் பார்லிக்கு ஏத்த மண் இருந்துச்சுங்க. நீலகிரி. படுகர் மக்கள் கேழ்வரகு, சாமையோட பார்லியும் காலங்காலமா போட்டுட்டு வந்தாங்க. அப்புறம் தேயிலை வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, காரட் வந்தது. பார்லி போயே போச்சு. பார்லி மேல அக்கறை இருக்கறவங்க அங்க திருப்பிக் கொண்டுவர வழி கேக்கட்டும், நானும் கூட நிக்கறேன்.

சமவெளிக்கு நம்ம கேழ்வரகு இருக்கே! வெயிலுக்குப் பயப்படாது, மானாவாரியாவே வரும். 2023 மே மாசம் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகள்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க. அதை எல்லா மாவட்டத்துக்கும் குடுங்கன்னு கேட்டா அர்த்தம் இருக்கு. வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா விவசாயி தானா விதைப்பார். அதை விட்டுட்டு ராஜஸ்தான்லேர்ந்து லாரியில வர்றதுக்கு பச்சைக் கலர் அடிக்கறது என்ன நியாயம்?

கடைசியா சித்தப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு பக்கம் சிட்கோ ஷெட்டுங்க, இன்னொரு பக்கம் வரிசையா ப்ளாட் கல்லு. 2017 பஞ்சத்துல பக்கத்து சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணியை சுத்தம் பண்ணி சென்னைக்குக் குடிக்கக் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?

"நெல்லை விட்டுட்டு பார்லி போடணும்னீங்களே சித்தப்பா, வயல் எங்க இருக்கு? நம்ம தண்ணியை நெல்லா குடிச்சுது?"

பதில் இல்ல. கீழே வந்து இன்னொரு டம்ளர் குடிச்சோம்.

டிஸ்கி: பார்லி தண்ணிக்கு நான் எதிரி இல்ல. சித்தி போட்டா ரெண்டு டம்ளர் குடிப்பேன். சண்டை அந்த இலையோட மட்டும்தான்.